யார் தேர்ந்தெடுத்தது? இமீ மார்கோஸுக்கான வக்காலத்துக்கு ஓர் எதிர்வினை

இமீ மார்கோஸின் அரசியல் வாழ்க்கையை மெச்சி எழுதப்பட்டிருக்கும் கட்டுரையின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸின் மகள் என்பதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. பிலிப்பைன்ஸின் வடக்கில் இருக்கும் இலோகோஸ் நோர்ட்டே மாகாண மக்கள் அவரை ஒன்பது ஆண்டுகள் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு 2010 முதல் 2019 வரை ஆளுநராக வைத்திருந்தார்கள். (அங்கே ஆளுநர் பதவி தேர்தலில் வென்று வருவது, மாகாண நிர்வாகம் முழுவதும் அவர் கையில்.) மாகாணமும் வளர்ந்திருக்கிறது. ஆகவே, அரசியல் குடும்பங்களுக்குத் தடை கேட்பவர்கள் ஏழை வாக்காளரின் அறிவை அவமதிக்கிறார்கள் என்று முடிக்கிறார் கட்டுரையாளர்.

தந்தையின் குற்றம் மகளைச் சேராது என்பதில் எனக்கு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் தந்தையின் நாற்காலி மட்டும் எப்படி வந்து சேர்ந்தது என்று கட்டுரையாளர் ஓரிடத்தில்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் இந்த மாகாணத்தைப் பற்றி ஒரு பத்திகூட நேர்மையாக எழுத முடியாது.

இலோகோஸ் நோர்ட்டேயின் ஆளுநர்களை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 1971 முதல் 1983 வரை எலிசபெத் மார்கோஸ் கியோன், அதிபர் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் சகோதரி. அவருக்கு அடுத்து அதிபரின் மகன் போங்போங். அவர் 1980இல் துணை ஆளுநரானபோது வயது இருபத்திரண்டு. 1986 பிப்ரவரியில் மணிலா வீதிகளில் மக்கள் திரண்டு குடும்பத்தை ஹவாய்க்குத் துரத்தியதால் ஒரு இடைவெளி வந்தது. 1998இல் மீண்டும் போங்போங், மூன்று தவணை. 2007இல் எலிசபெத்தின் மகன் மைக்கேல் மார்கோஸ் கியோன். 2010இல் இமீ, மூன்று தவணை. 2019இல் இமீயின் மகன் மாத்யூ மனோட்டாக். 2025இல் மார்கோஸின் தம்பி பசிஃபிகோ வீட்டு மருமகள் செசிலியா. அதுவரை ஆளுநராக இருந்த மாத்யூ துணை ஆளுநரானார். துணை ஆளுநராக இருந்த செசிலியா ஆளுநரானார். இருவரும் இருக்கைகளை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஆளுநர் பதவி இருந்தது சுமார் பன்னிரண்டு ஆண்டுகள். அதுவும் நாட்டையே விட்டு ஓடவைத்த ஒரு மக்கள் எழுச்சியின் விளைவு.

காங்கிரஸின் இரண்டாம் தொகுதிக்கும் இதே கதைதான். 1998 முதல் 2007 வரை இமீ. அடுத்த மூன்று ஆண்டுகள் தம்பி போங்போங். 2010 முதல் 2019 வரை தாய் இமெல்டா. அதன்பின் அத்தை மகன் ஏஞ்சலோ மார்கோஸ் பார்பா. இதற்குள் எங்கே இருக்கிறது கட்டுரையாளர் சொல்லும் மக்களின் தேர்வு? 1987 அரசியல் சாசனம், ஒருவர் தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் இந்தப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று விதித்தது. அதிகாரம் ஒரே கையில் தேங்கக் கூடாது என்பதற்காகக் கொண்டுவரப்பட்ட அந்த விதி, இந்தக் குடும்பத்திடம் மூன்று தவணைக்கு ஒருமுறை உறவினரை மாற்றி உட்காரவைக்கும் நாட்காட்டியாகச் சுருங்கிவிட்டது.

2010 தேர்தலைக் கட்டுரையாளர் இமீயின் சொந்த வெற்றியாகக் கொண்டாடுகிறார். அவர் தோற்கடித்தது யாரை என்று எழுத மறந்துவிட்டார். பதவியில் இருந்த ஆளுநர் மைக்கேல் கியோனை, சொந்த அத்தை மகனை. அந்த மாகாண வாக்காளருக்குக் கிடைத்த பெரிய போட்டியே மார்கோஸின் மகளா, மார்கோஸின் மருமகனா என்பதுதான்.

2018இல் நடந்தது இதைவிட மோசம். மூன்று தவணை முடிந்து இமீ செனட்டுக்கு மனுச் செய்தார். ஆளுநர் பதவிக்கு மனுச் செய்தவர் எண்பத்தொன்பது வயது இமெல்டா. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி, ஊழல் வழக்குகளை விசாரிக்கும் சாண்டிகன்பயன் நீதிமன்றம் அவரை ஏழு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. கணவர் அதிபராக இருந்த காலத்தில் சுவிட்சர்லாந்தில் நிறுவிய அறக்கட்டளைகள் தொடர்பான வழக்கு அது. இமெல்டா விலகினார். அந்த இடத்தில் பேரன் மாத்யூவின் பெயர் வந்தது. சட்டம் இதை அனுமதிக்கிறது. யாரும் விதியை மீறவில்லை. ஆனால் ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்ட பாட்டியின் இடத்தைப் பேரன் எடுத்துக்கொள்வது ஒரு மாகாணத்தில் அதிர்ச்சியே தராத காரியமாகிவிட்டதென்றால், அங்கே ஜனநாயகம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுத எந்தப் பேனாவுக்கு மனம் வரும்?

ஜெயித்தவர் திறமையானவர் என்பதால்தான் குடும்பமும் ஜெயிக்கிறது என்று ஒரு துணைவாதமும் கட்டுரையில் இருக்கிறது. இதற்கு பாப்லோ கெருபின் என்ற அரசியல் அறிஞரின் ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் தேர்தல்களில் முதல் முறை மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றவர்களையும் அதே அளவு வித்தியாசத்தில் தோற்றவர்களையும் அவர் ஒப்பிட்டார். திறமையிலோ செல்வத்திலோ மக்கள் செல்வாக்கிலோ இந்த இரு தரப்புக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. ஒரு சில ஓட்டுகள்தான் பிரிக்கின்றன. ஆனாலும் வென்றவர்களின் உறவினர் பிற்காலத்தில் பதவிக்கு வரும் வாய்ப்பு, தோற்றவர்களின் உறவினரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. பதவிதான் அடுத்த பதவியைப் பெற்றுத் தருகிறது. தவணை வரம்பு இந்தக் குடும்பங்களை அசைக்கவில்லை என்பதும் அவருடைய ஆய்வு முடிவுகளில் ஒன்று.

இனி, கட்டுரையாளர் மிகுந்த பெருமையோடு சொல்லும் 'இளம் வயதிலிருந்தே பெற்ற பொது வாழ்க்கை அனுபவம்'. இமீயின் முதல் பொதுப் பதவி கபாத்தாங் பரங்காய் என்ற தேசிய இளைஞர் அமைப்பின் தலைமை. இராணுவச் சட்டக் காலத்தில், 1975இல், தந்தை அதிபர் ஆணை பிறப்பித்து உருவாக்கிய அமைப்பு, தலைமையில் மகள். கட்டுரையாளர் இதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். நான் இங்கே நின்றாக வேண்டும்.

1977 ஆகஸ்ட் 31. மணிலாவின் இன்ட்ராமுரோஸ் பகுதியிலுள்ள நகரப் பல்கலைக்கழகத்தில் இமீ மாணவர்களிடையே பேசுகிறார். ஆர்க்கிமிடிஸ் ட்ரஹானோ என்ற இருபத்தொரு வயது மாணவர் எழுந்து ஒரு கேள்வி கேட்கிறார்: இந்த அமைப்புக்கு அதிபரின் மகள்தான் தலைவராக இருக்க வேண்டுமா? அந்த இளைஞரை இமீயின் பாதுகாவலர்கள் அங்கிருந்து இழுத்துச் சென்றார்கள். சில நாட்களுக்குள் குடும்பத்துக்குக் கிடைத்தது சித்திரவதைக் காயங்களோடு ஒரு உடல்.

மார்கோஸ் ஆட்சி வீழ்ந்ததும் ட்ரஹானோவின் தாய் ஹவாய் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். இமீ வழக்கை எதிர்கொள்ள வரவில்லை. அவர் வராமலேயே தீர்ப்பு அவருக்கு எதிராக முடிந்தது. 1991இல் 40 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதிக்கப்பட்டது. பிறகு அவர் செய்த மேல்முறையீட்டையும் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் நிராகரித்தது. அந்தத் தீர்ப்பைச் சொந்த நாட்டில் நிறைவேற்ற அந்தத் தாய் மீண்டும் நீதிமன்றப் படியேறினார். 2006இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் இமீக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காரணம், அவர் கொலையில் சம்பந்தப்படவில்லை என்பதல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் வேறொருவரிடம் கொடுக்கப்பட்ட சம்மன் முறைப்படி அவரிடம் சேர்க்கப்படவில்லை என்பதுதான் காரணம். தீர்ப்பு வந்தபோது அவர் இலோகோஸ் நோர்ட்டேயின் காங்கிரஸ் உறுப்பினர்.

இந்த வழக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. தெரியாமல் விட்டிருந்தால் இந்த மனிதரைப் பற்றி எழுதும் தகுதி கட்டுரையாளருக்கு இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் அவர் செய்திருப்பது விளம்பர வேலை. தந்தையின் குற்றத்துக்கு மகளைத் தண்டிக்காதீர்கள் என்ற வாதத்தின் மொத்த பலமும் மகள் மீது நேரடியாக எந்தக் குற்றச்சாட்டும் இல்லை என்ற பாவனையில்தான் நிற்கிறது. அந்தப் பாவனையைக் காப்பாற்ற ஒரு மாணவனின் மரணத்தைக் கட்டுரையிலிருந்து வெட்டியெறிய வேண்டியிருந்தது. இளைஞர்கள் கடந்துபோய்விட்டார்கள், என் வயதுக்காரர்களும் கடந்துபோக வேண்டும் என்று 2018இல் இமீ பேசினார். இருபத்தொரு வயதில் நிறுத்தப்பட்ட ஒருவர் எங்கே கடந்துபோவார்?

ட்ரஹானோ கொல்லப்பட்ட அதே ஆண்டில்தான் பவாய் ஏரிக்கரையில் மார்கோஸின் அறுபதாவது பிறந்தநாள் பரிசாக ஒரு மாளிகை எழுந்தது. 'வடக்கின் மலகன்யாங்', அதாவது வடக்கின் அதிபர் மாளிகை, என்று அழைக்கப்படும் அது இன்று அருங்காட்சியகம். இமீ காலத்துச் சுற்றுலா வளர்ச்சியைக் கட்டுரையாளர் பாராட்டுகிறார். சுற்றுலாப் பயணிகள் வந்தது உண்மை, அந்தப் பெருமையை இமீயிடமிருந்து நான் பறிக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் காட்டப்பட்ட வரலாற்றில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அந்த வளர்ச்சியை அளக்க வேண்டும். இராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே அங்கீகரித்தவர்கள் 11,103 பேர்.

கல்வித் தகுதியைப் பற்றியும் கட்டுரை பெருமையாகப் பேசுகிறது. பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றதாகச் சொல்லப்பட்டதைப் பற்றி 2019இல் கேட்கப்பட்டபோது, அவருக்குப் பட்டம் வழங்கப்பட்டதாகத் தங்கள் ஆவணங்களில் இல்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

வளர்ச்சி வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையாளரின் முதன்மைச் சாட்சி காற்றாலைகள். பாங்குய் கடற்கரையில் வரிசையாக நிற்கும் வெண்ணிறக் காற்றாலைகளின் படம் இந்தக் குடும்பத்தின் தேர்தல் சின்னம்போலவே ஆகிவிட்டது. அவற்றை நிறுவியது நார்த்விண்ட் என்ற தனியார் நிறுவனம், டென்மார்க் அரசின் கடனுதவியோடு. 2005இல் மின் உற்பத்தி தொடங்கியது. அப்போது ஆளுநர் போங்போங், இமீ அல்ல. இமீ காலத்தில் வந்த பெரியது 2014இன் புர்கோஸ் காற்றாலை, 150 மெகாவாட். அதைக் கட்டியது லோபஸ் குழுமத்தின் எனர்ஜி டெவலப்மென்ட் கார்ப்பரேஷன். அந்த லோபஸ் குடும்பத்தின் தொலைக்காட்சி நிறுவனத்தை 1972இல் மூடி, மெரால்கோ மின்நிறுவனத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி, மூத்த மகனைச் சிறையில் அடைத்தது மார்கோஸ் அரசு. யாரிடமிருந்து பறித்தார்களோ அவர்கள் கட்டியதையே தங்கள் சாதனைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். கட்டுரையாளர் அதற்குக் கையெழுத்தும் போடுகிறார்.

இந்தக் காற்றாலைகள் ஏன் அங்கே வந்தன? வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கரையில்தான் வேகமாக வீசுகிறது. 2008ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம், காற்று மின்சாரத்துக்கு உறுதிசெய்யப்பட்ட விலை கொடுக்க வழிசெய்தது. 2012இல் ஒரு யூனிட்டுக்கு 8.53 பெசோ என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கூடுதல் தொகை நாடு முழுவதும் மின்கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு வீட்டின் ரசீதிலும் ஏறுகிறது. மணிலாவின் ஒண்டுக் குடித்தனக்காரரும் அதற்குக் காசு கொடுத்திருக்கிறார். அவருக்கு யார் நன்றி சொன்னது?

மாகாணத்தின் வறுமை குறைவு என்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்கிறார் கட்டுரையாளர். இலோகோஸ் மண் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம். பிழைக்க வழியில்லாமல் வெளியேறியவர்களின் வரலாறு அந்தப் பகுதியுடையது. 1906இல் முதல் பதினைந்து பேர் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். சகாடா என்று அழைக்கப்பட்ட அந்தத் தோட்டக் கூலிகளுக்குப் பின்னால் இலோகானோ மக்கள் அலையலையாகப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடுகள் எழுந்திருக்கின்றன, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். முதுகு வளையக் கரும்பு வெட்டியவர்களின் உழைப்பை ஆளுநர் மாளிகையின் சாதனையாக எழுதுவதைவிட அந்த மக்களுக்குச் செய்யும் பெரிய அவமரியாதை எது?

இன்னொரு வருமானம் புகையிலை. வர்ஜீனியா புகையிலை விளையும் மாகாணங்களுக்குக் கலால் வரியில் 15 சதவீதம் தர வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். விவசாயிகளின் நலனுக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் அது. அந்த நிதியில் 2011, 2012ஆம் ஆண்டுகளில் 6 கோடியே 64 லட்சம் பெசோவுக்கு மேல் கொடுத்து வாகனங்கள் வாங்கப்பட்டதை 2017இல் காங்கிரஸ் குழு விசாரித்தது. சிற்றுந்துகளும் சிறு லாரிகளும் பழைய பேருந்துகளும் முறையான ஏலம் இல்லாமல் வாங்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. வாகனங்கள் மக்களுக்குத்தான் பயன்பட்டன என்பது இமீயின் பதில். அவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்விகளுக்கு நினைவில்லை என்று பதில் சொன்னதற்காக மாகாண அரசின் ஆறு ஊழியர்கள் மே மாத இறுதியிலிருந்து ஜூலை வரை காங்கிரஸ் கட்டடத்தில் அடைத்துவைக்கப்பட்டார்கள். ஆளுநர் அந்நாட்களில் வெளியே இருந்தார்.

அந்த விசாரணையை முன்னின்று நடத்தியவர் ரொடால்ஃபோ ஃபரீனியாஸ், அன்றைய பெரும்பான்மைத் தலைவர். லாவாக் நகரை வேராகக் கொண்ட போட்டி அரசியல் குடும்பத்தின் தலைவர். 1988 முதல் 1998 வரை அவரே ஆளுநர். 2019இல் அவருடைய மகள் முதல் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினரானார். 2022இல் அவரைத் தோற்கடித்தவர் போங்போங்கின் மகன் சாண்ட்ரோ. விவசாயிகளின் பணம் என்னவாயிற்று என்ற கேள்வி பல ஆண்டுகள் கழித்து எழுந்ததுகூட ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை வீழ்த்த நினைத்தபோதுதான். அந்த மாகாணத்தில் ஒரு சாதாரணப் புகையிலை விவசாயி இந்தக் கேள்வியை எழுப்பிப் பதில் பெற்றிருக்க முடியுமா? குடும்ப அரசியல் பறித்துக்கொள்வது இதைத்தான். கட்டுரையாளருக்கு இது ஒரு இழப்பாகவே படவில்லை.

கடைசியாக, ஏழை வாக்காளரை அவமதிக்கிறோம் என்ற குற்றச்சாட்டு. இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் ஏழையின் பெயரைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஏழைக்கு எதிராகவே பேசும் வாதம் இது. பிலிப்பைன்ஸ் மாகாணம் ஒன்றில் வீட்டில் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் குடும்பம் முதலில் ஓடுவது அரசியல்வாதியின் அலுவலகத்துக்கு. மருத்துவமனைக் கட்டணத்தை ஏற்பதாக அங்கிருந்து ஒரு உத்தரவாதக் கடிதம் வாங்க வேண்டும். பிள்ளையின் உதவித்தொகைக்கும், சாவுச் செலவுக்கும், ஊர்ச் சாலைக்கும் அதே வாசல். ஆளுநர், துணை ஆளுநர், காங்கிரஸ் உறுப்பினர் எல்லோரும் ஒரே குடும்பம் என்றால் அந்த வாசலைப் பகைத்துக்கொண்டு போக இன்னொரு வாசல் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் குடும்பத்துக்கு ஓட்டுப் போடுகிறவர் முட்டாள் என்று யார் சொன்னது? தன் வீட்டு நோயாளியைக் காப்பாற்றத் தெரிந்த புத்திசாலி அவர். உரிமையாக வர வேண்டியதை அவர் உதவியாகக் கேட்டு நிற்கும்படி வைத்திருப்பவர்களிடம்தான் எங்கள் சண்டை.

தடை கேட்பது யாரோ மேட்டுக்குடி அறிவாளிகளின் சூழ்ச்சி என்கிறார் கட்டுரையாளர். 1987 அரசியல் சாசனத்தின் இரண்டாம் பகுதி, 26ஆம் பிரிவு, பொதுப்பணிக்கான சம வாய்ப்பை உறுதிசெய்து அரசியல் வம்சங்களைத் தடைசெய்ய வேண்டும் என்கிறது. வம்சம் எது என்பதைச் சட்டம் வரையறுக்கட்டும் என்று விட்டது. அந்தச் சாசனத்தை மக்களே நேரடி வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். மக்களின் தீர்ப்பே இறுதி என்று வாதாடுபவர் இந்தத் தீர்ப்பை மட்டும் எப்படித் தள்ளுபடி செய்கிறார்? அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டிய காங்கிரஸில் பெரும்பான்மையினர் அரசியல் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் பல பத்தாண்டுகளாக அது இழுத்தடிக்கப்பட்டது.

ஒரே ஒரு இடத்தில் காங்கிரஸ் துணிந்தது. 2016இல் சங்குனியாங் கபாத்தான் என்ற உள்ளூர் இளைஞர் மன்றங்களைச் சீர்திருத்தும் சட்டத்தில், பதவியிலிருக்கும் தேசியத் தலைவர் ஒருவரின் அல்லது அதே ஊரின் மக்கள் பிரதிநிதி ஒருவரின் நெருங்கிய உறவினர் அந்த மன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்று எழுதினார்கள். மார்கோஸ் காலத்துக் கபாத்தாங் பரங்காயின் இடத்தில் பிற்காலத்தில் வந்தவைதான் இந்த மன்றங்கள். இமீ தந்தையின் ஆணையால் நாடு முழுமைக்கும் தலைவியாக இருந்த அமைப்பின் வாரிசில், இன்று ஒரு அதிபரின் மகள் தன் ஊர் உறுப்பினராகக்கூட நிற்க முடியாது. கட்டுரையாளரின் தர்க்கப்படி இது அந்த ஊர் இளைஞர்களின் அறிவை அவமதிப்பது. அப்படியானால் அதை எதிர்த்து அவர் எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பொருந்தும் இந்த விதி ஆளுநருக்கும் செனட்டருக்கும் ஏன் பொருந்தக் கூடாது என்பதை அவர்தான் விளக்க வேண்டும். 2025 தேர்தலுக்குப் பிறகு தம்பி போங்போங் அதிபர், அக்காள் செனட்டர், தம்பி மகன் காங்கிரஸின் பெரும்பான்மைத் தலைவர், அத்தை மகன் காங்கிரஸ் உறுப்பினர், அக்காள் மகன் துணை ஆளுநர், சித்தப்பா வீட்டு மருமகள் ஆளுநர். இதில் எந்த இருக்கைக்கு இலோகோஸ் நோர்ட்டேயின் புகையிலை விவசாயி ஒருவரின் மகள் இன்று போட்டியிட்டு வெல்ல முடியும் என்று கட்டுரையாளர் பெயர் சொல்லிக் காட்டட்டும்.